மயில்கழுத்து நூல் கட்டிய ஓணான்

மனு கொடுத்தவர் இறந்துவிட்டால், அந்த மனுமீது மேல்நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பெழுதி முடித்துவிட வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுத்த விதி இது. உலகத்திலேயே சுலபமாக முடிக்கக்கூடிய கோப்பு செத்தவனுடைய கோப்புதான் என்றார் அவர். மேல்முறையீட்டுக்கு ஆள் வராது. ஓய்வு பெறும் வரை அந்த விதியை நான் தவறாமல் கடைப்பிடித்தேன். குடும்பத்தார் கருமாதி முடிப்பதற்குள் நான் கோப்பில் முடித்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

என் அக்கா விஷயத்தில் அந்த விதி நடக்கவில்லை. அவள் இறந்துபோனதை அலுவலகத்துக்கு யாராவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூடப் பிறந்தவன் என்ற முறையில் தெரிவிக்க வேண்டியவன் நான். நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் ஏரியில் மரங்கள் விழும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் ஏரிக்கரை. எப்போதோ தூர் வாரியபோது அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகச் சோம்பல்பட்டு, ஏரிக்குள்ளேயே இரண்டு குவியலாகக் கொட்டிவிட்டார்கள். அதன்மேல் அரசாங்கம் கருவேலங்கன்று நட்டது. திட்டமிட்டுச் செய்த எத்தனையோ காரியங்கள் பாழாய்ப்போன நாட்டில் இந்தச் சோம்பல் மட்டும் செழித்து வளர்ந்தது. கோடையில் அவை இரண்டு மேடுகள். மழை பெய்து ஏரி நிரம்பினால் இரண்டு தீவுகள். ஊரில் வடக்குத் திட்டு, தெற்குத் திட்டு என்பார்கள். நடுவே ஒரு கல்லெறி தூரம் தண்ணீர்.

ஓணான் என்றாலே கல்லெடுக்கும் ஊர் இது. அணில் ராமருக்கு மண் சுமந்ததாம், ஓணான் ஏதோ கெடுதல் செய்ததாம். அந்தக் கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை. கரையிலிருந்து எறியும் கல் திட்டுவரை எட்டாது. அதனால் கருவேல மரங்களில் ஓணான்கள் நிம்மதியாக வாழ்ந்தன, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் நேரம் போக.

அக்கா பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. சேத்துப்பட்டுச் சொந்தக்காரர்கள் இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் வைத்திருந்தார்கள், எங்களுக்குச் சொன்னதில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரே வீட்டில் இருந்தோம். முன்னறை அவளுடையது, பின்னறை என்னுடையது. சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கம் அவளுடையது. அவள் இல்லாத நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்திருந்தால், வாசலில் நின்றபடி ஒரு பார்வை பார்ப்பாள். நான் எழுந்துவிடுவேன்.

ஓய்வு பெற்றவர்கள் சர்க்கரை வியாதிக்காக நடப்பார்கள். அக்கா நடந்துபோய் மதகுக்கல்மேல் உட்கார்ந்துகொள்வாள். கறுப்புக் குடை ஒன்று. அதில் ஒரு கம்பி உடைந்து ஒரு பக்கம் காது தொங்கியதுபோல் இருக்கும். அந்தத் தொங்கலைப் பார்த்தாலே கரையில் போகிறவர்களுக்கு டீச்சர் இருக்கிறாள் என்று தெரியும். மடியில் ஒரு பழைய பைனாகுலர். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. பார்த்ததை எழுதிவைக்க மாட்டாள். வாழ்நாளெல்லாம் ரெக்கார்டு நோட்டு திருத்தியவள் அவள். சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்வாள். எழுதிக்கொள்வது என் வேலையில்லை என்று நானும் சும்மா இருப்பேன்.

அப்படிக் கேட்டே எனக்குப் பாதி விலங்கியல் வந்துவிட்டது. ஒரு மரத்துக்கு ஓர் ஆண். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெயில் முதலில் விழும் கிளை அதன் இருக்கை. அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டும், முன்காலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தாழ்த்தும், சித்திரை வைகாசியில் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்வது சண்டை போடாமல் இருப்பதற்காக. இங்கே ஆள் இருக்கிறது என்று காட்டினால் போதும், மற்றவை வராது. பெண்கள் அதே மரத்தில் கீழ்க்கிளைகளில் இருக்கும். இளவட்டங்களுக்கு மரம் கிடையாது. அடியில் வேலிகாத்தான் புதரில் காத்துக்கிடக்கும். ஏரியில் தண்ணீர் ஏறும்போது புதர் முழுகும். அப்போது அவை மரத்தில் ஏறப் பார்க்கும். மேலே இருப்பது துரத்தும். மரம் கிடைக்காதவை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் எண்ணினா இருக்காது" என்றாள் அக்கா.

"அனுமதிக்கப்பட்ட பணியிடம் அவ்வளவுதான்" என்றேன்.

"உனக்கு எல்லாமே ஆபீஸுதான்டா."

எதிர்வீட்டில் தறி நெய்யும் அம்மாள் ஒருத்தி. பட்டுத்தறி ஒன்று, ஆடு இரண்டு. கரைக்கு ஆடு ஓட்டிவரும்போது அக்காவோடு வம்புக்கு நிற்பாள்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல ஓணானப் பாத்துகினு கீறீங்க? ஜனங்க சிரிக்குது."

"சிரிக்கட்டும்டி. நீ நாளெல்லாம் நூலையே பாத்துகினு உக்காந்திருக்கிற. நான் எப்பவாவது சிரிச்சனா?"

"நூலு சோறு போடும். ஓணான் இன்னா போடும்?"

"அதான் தலைய ஆட்டுதே. நம்ம ஊர்ல யாரு நான் சொல்றதுக்குத் தலைய ஆட்டுறாங்க?"

இந்த வம்பில்தான் நூல் கட்டும் யோசனை பிறந்தது. எந்த ஓணான் எது என்று தெரியாமல் அக்கா தவித்தாள். எதிர்வீட்டம்மாள் மடியிலிருந்து ஒரு கொத்துப் பட்டு நூலை எடுத்துக் காட்டினாள். தறியில் மிஞ்சிய வெட்டு நூல். ஏரி வறண்டிருந்த அந்தக் கோடையில் இருவரும் திட்டுகளுக்கு நடந்தே போனார்கள். ஈர்க்கின் நுனியில் சுருக்கு மாட்டி, மரத்தில் இருந்த ஓணானின் கழுத்தில் நுழைத்து இழுக்கும் வித்தை அந்த அம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பின்னங்காலுக்கு முன்னால் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று, ஒரு முடிச்சு, சின்ன வாலாக மிச்சம். வடக்குத் திட்டில் ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்கு மாம்பழ மஞ்சள். நடு மரத்தில் இருந்த பெரிய ஆணுக்கு மயில்கழுத்து. தெற்குத் திட்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை வரவில்லை. அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. புரட்டாசி பிறந்து, இன்னும் தண்ணீர் வராத ஒரு நாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன எதிர்வீட்டம்மாள் வாசலில் நின்று சொன்னாள்:

"டீச்சர், நம்ம மயில்கழுத்து ஆளு நூல உதுத்துட்டு உக்காந்துகினு இருந்தான். விட்ருவனா? வேற கட்டிட்டேன். அதே மயில்கழுத்துதான்."

எந்தத் திட்டில் என்று அக்கா கேட்கவில்லை. ஏரி வறண்டிருந்தது. ஓணான் எங்கே வேண்டுமானாலும் போய் வந்திருக்கலாம்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா சாப்பிடாமல் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"காலையில மயில்கழுத்து வடக்குத் திட்டுல இருந்தான். சாயங்காலம் தெக்குத் திட்டுல இருக்கான்."

"சரி."

"என்ன சரி? நடுவுல தண்ணிடா."

அடுத்த நாளும் அப்படியே. அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே. காலையில் பார்த்தால் அந்த நூல் பச்சையாகத் தெரியும், சாயங்காலம் நீலமாகத் தெரியும். அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஆரணியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், மயில்கழுத்து அப்படித்தான். புடவையை இந்தப் பக்கம் திருப்பினால் பச்சை, அந்தப் பக்கம் திருப்பினால் நீலம். புதிராக இருந்தது நூல் அல்ல, தண்ணீர். நீந்துகிறதா? மிதக்கும் கட்டையில் போகிறதா? கொக்கின் முதுகில் ஏறிப் போகிறதா என்று நான் கேட்டதற்கு அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. ஓர் ஆண், தண்ணீருக்கு இரு பக்கமும் இரண்டு மரங்களை ஆள்கிறது. கூடுதல் பொறுப்பு என்றேன் நான். தன் வாழ்நாளில் பார்த்த ஒரே அதிசயம் என்றாள் அவள்.

மாசியில் மரங்களில் வெள்ளைச் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். எண் போட்டால் ஏலம். அக்கா உடனே மனு எழுத உட்கார்ந்தாள். ஏலத்துக்கு முன்னால் வந்த ஆட்சேபணை மட்டும்தான் செல்லும், அது தீர்ந்தால்தான் மரத்தில் கோடாலி வைக்க முடியும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். பறவைகளை எழுது, நீர்க்காக்கை கூடு கட்டுகிறது என்று எழுது, அதிகாரிகளுக்குப் பறவை பிடிக்கும் என்றும் சொன்னேன்.

"நான் பார்த்தது ஓணான். பார்க்காததை எழுத மாட்டேன்."

அப்படியே எழுதினாள். இரண்டு திட்டுகளும் ஒரே ஓணானின் எல்லைக்குள் வருபவை, இடுப்பில் மயில்கழுத்து நூல் கட்டிய ஓணான் இரண்டிலும் வசிக்கிறது, எனவே ஒன்றை அழித்தால் மற்றதும் பாழாகும். ஏலத்துக்கு முதல் நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஏலம் நடந்தது; மரம் ஒருவருக்கு விழுந்தது; மனு நிலுவை என்பதால் வெட்ட உத்தரவு தரவில்லை.

சித்திரையில் ஒரு நாள், தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம், இட்லியைப் பிட்டபடி சொன்னாள்: "இந்த வருஷம் முதல் தண்ணி ஏறும்போதே போய் உட்கார்ந்துடறேன். நீந்துறானா பறக்குறானா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும்." அன்று கரைக்குப் போய்விட்டு வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்தாள். தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவந்தபோது வாங்கிக்கொள்ளவில்லை.

மாதா கோயிலில் மணியடித்தார்கள். கல்லறையில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. குடையை மடக்கி வைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அதே வாரத்தில், மாம்பழ மஞ்சள் நூல் கட்டிய ஓணானை ஒரு வல்லூறு தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அக்காவின் நேரத்தில், அக்காவின் இடத்தில் உட்கார்ந்து, அவள் பைனாகுலரில் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் கீழே புதரிலிருந்து நூல் இல்லாத ஓர் இளவட்டம் மேலேறி அதே கிளையில், அதே கணுவில் உட்கார்ந்து தலையை ஆட்டியது. பொறுப்பு ஒப்படைப்பு இல்லை, பிரிவுபசார விழா இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பழையதுதான் திரும்பி வந்திருப்பதாகத் தோன்றும். எங்கள் வீட்டில் ஜன்னல் பக்கத்து நாற்காலி அப்படியே இருந்தது. யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் வாசலில் யாரோ நின்று பார்ப்பதுபோல் முதுகு கூசியது. நான் என் பக்கத்திலேயே சாப்பிட்டேன்.

ஏன் தினமும் கரைக்குப் போனேன் என்றால், அவள் விட்டுப்போன கேள்விக்கு விடை பார்க்க வேண்டும். முதல் தண்ணீர் ஏறும்வரை மரம் நிற்க வேண்டும். என் பெயரில் புது மனு செல்லாது, ஏலம் முடிந்துவிட்டது. அவள் மனு மட்டும்தான் செல்லும், அவள் உயிரோடு இருக்கும்வரை. ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை அவள் உயிரோடு இருந்தாள்.

வெயிலுக்காகத்தான் குடையை எடுத்துப்போனேன். வேறு நோக்கம் இல்லை. ஆடி மாதத்தில் எதிர்வீட்டம்மாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"சார், ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? டீச்சர் இன்னும் போவலியாம். மதகுமேலயே உக்காந்துகினு கீறாங்களாம்."

"அது நான்தாம்மா. குடையைப் பார்த்துச் சொல்றாங்க."

"எனுக்குத் தெரியாதா? நான் யாருகிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"மரம் வெட்ட ஆளு கேட்டா எவனும் வரமாட்டேன்றானாம். டீச்சரு பாத்துகினு இருக்கும்போது எப்படி வெட்றதுன்றான். சொல்லுவனா நானு?"

உத்தரவு இல்லாமல் மரத்தை வெட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. விடுமுறை நாளில் வெட்டிவிட்டு அப்புறம் அபராதம் கட்டுவார்கள். அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியாது. கம்பி உடைந்த குடை தடுத்துக்கொண்டிருந்தது. அன்று முதல் வெயில் இல்லாத நாளிலும் குடையை விரித்து வைத்தேன்.

ஒரு சாயங்காலம் பைனாகுலரின் உறையை வீட்டில் மறந்துவிட்டேன் என்று, குடையை மதகின்மேலேயே விட்டுவிட்டுப் போனேன். உறையோடு திரும்பி வரும்போது வளைவில் நிமிர்ந்து பார்த்தேன். மதகுக்கல்மேல் குடைக்குக் கீழே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தொங்கிய பக்கம் மேலும் கீழும் மெல்ல ஆடியது. காற்று என்று தெரியும், நிழல் என்று தெரியும், குடையை வைத்தவன் நான் என்று தெரியும். தெரிந்த எதுவும் காலுக்கு இறங்கவில்லை. இருட்டும் நேரம்கூட இல்லை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையில் வந்த பால்காரர் என்னைத் தாண்டிப் போனார், மதகருகே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் போனேன். கல்லில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் பாதி இடம் விட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆவணியில் பெய்த மழைக்கே திட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர் ஏறிய மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல். அக்கா இருந்திருந்தால் இதை என்னிடம் சாகும்வரை சொல்லிக்காட்டியிருப்பாள். எழுந்து போனபோது, மயில்கழுத்து காலையில் வடக்கே, சாயங்காலம் தெற்கே.

புரட்டாசியில் கள ஆய்வுக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். கூடவே மரத்தை ஏலம் எடுத்தவர், பெரிய மோட்டார் சைக்கிளில். நான் மதகில் இருந்தேன். அந்தப் பெண் முதலில் குடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் டீச்சர்கிட்ட படிச்சவ சார். மனுதாரர் வரலீங்களா?"

நாற்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருக்குமா? "மனுதாரர் சார்பில் உடன்பிறந்தவர் ஆஜராகலாம்" என்றேன்.

ஏலக்காரர் சிரித்தார். "மேடம், அந்தம்மா செத்து எத்தினி மாசம் ஆவுது! நானே சாவுக்கு வந்துகீறேன். மாலை போட்டுகீறேன்."

ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பினார். "இறப்புச் சான்று வெச்சிருக்கீங்களா?"

"நான் எதுக்கு மேடம் வெச்சிகினு இருப்பேன்? மாலை போட்டவன் சொல்றேன்."

"மாலைய வெச்சு நான் அறிக்கை எழுத முடியாது. ஆவணம் இல்லாம ஒருத்தர நான் எப்படிங்க சாகடிக்கிறது?"

"அட பேஜாரே! ஊரே அழுதுச்சு மேடம்!"

"ஊரு மனு குடுக்கல."

இவ்வளவு அழகான நடைமுறையை நான் பணியில் இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. ஆய்வாளர் பைனாகுலரைக் கேட்டார். உட்காரச் சொன்னேன். கல்லில் காலியாக இருந்த பாதியைப் பார்த்தார். "டீச்சர் உட்கார்ற எடமா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

வடக்குத் திட்டில் நடு மரத்தில் அது இருந்தது. பச்சையாக நூல் மினுங்கியது. ஏலக்காரரும் வாங்கிப் பார்த்தார். பிறகு மேகம் மூடி விலகியது. பேசிக்கொண்டே கரையோரம் நடந்து, மரங்களில் சுண்ணாம்பு எண் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். தெற்குத் திட்டுக்கு நேரே வந்தபோது ஆய்வாளர் பைனாகுலரை இறக்கவில்லை.

"சார், இங்கயும் இருக்கு."

"அதான் மனுவுல எழுதியிருக்கு."

"இது வேற ஓணான் மேடம்" என்றார் ஏலக்காரர். "ரெண்டு இருக்கும்."

"ரெண்டுக்கும் அதே மயில்கழுத்து நூலக் கட்டி வெக்க யாருக்குங்க வேலையில்ல?"

அவரும் ஆரணிக்காரர். மயில்கழுத்து பச்சையும் காட்டும் நீலமும் காட்டும் என்று அவருக்கும் தெரியும். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே செத்தவளுக்கு ஓணான் சாட்சி சொன்னது. அந்த ஓணானுக்கு நான் சாட்சி.

போகும்போது ஆய்வாளர் வண்டியைக் கிளப்பிவிட்டு நிறுத்தினார். "டீச்சர்கிட்ட கேட்டதா சொல்லுங்க சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. நானும், சொல்கிறேன் என்றேன். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் கொட்டி ஏரி தண்ணீர் வழியும் கடைவாய்வரை வந்தது. தெருவில் தறிச் சத்தமே இல்லை. ஈரத்தில் பாவு இழுக்காது. மழை விட்ட முதல் காலை, எல்லா ஓணான்களும் ஒரே நேரத்தில் வெயிலுக்கு வந்தன. புதர்கள் முழுகிப்போனதால் மரங்களில் நெரிசல், துரத்தல். ஒன்று தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். கொஞ்சம் உடம்பை வளைத்து அடித்தது, வந்த கிளைக்கே திரும்பி ஏறியது. அவ்வளவுதான் அதன் நீச்சல்.

வடக்குத் திட்டின் நடு மரத்தில் மயில்கழுத்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. தற்செயலாகத்தான் பைனாகுலரைத் தெற்கே திருப்பினேன். அங்கே மயில்கழுத்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுபடி வடக்கே. இருந்தது. தெற்கே. இருந்தது. ஒரே வெயில், ஒரே நேரம், ஒரே கோணம். ஒன்றின் இடுப்பில் பச்சை. மற்றதன் இடுப்பில் நீலம். இரண்டும் தண்ணீருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒன்றையொன்று பார்த்துத் தலையை ஆட்டின.

ஆட்டோடு வந்த எதிர்வீட்டம்மாளிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயோ சார். அன்னிக்கு நான் கட்டனது தெக்குத் திட்டு ஆளுக்கு. நூல உதுத்துட்டு இங்க வந்துட்டான்னு நெனச்சிகினு கட்டனேன். இவன் வேற, அவன் வேற."

"நிறம் வேறயா இருக்கே?"

"ரெண்டும் மயில்கழுத்து நூலுதான் சார். நீட்டுல ஓடுற பாவு நீலம், குறுக்க ஓடுற ஊடை பச்சை. தறியில சேந்தாதான் அது மயில்கழுத்து. தனித்தனியா எடுத்தா ரெண்டு நூலு. கையில எது வந்துதோ அதக் கட்டனேன். அதப் போயி யாரு யோசிச்சா?"

யாரும் யோசிக்கவில்லை. காலை வெயிலில் வடக்கேயும் சாயங்கால வெயிலில் தெற்கேயும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பட்டு நெய்கிற ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் நிறம் மாறுவது நியாயம். நிறம் மாறினால் அதே ஆள். வேறு ஊராக இருந்தால் பச்சை ஓணான், நீல ஓணான் என்று முதல் நாளே முடிந்திருக்கும். அக்காவின் அதிசயம் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்ததும், அவள் போன பிறகு என்னோடு இருந்ததும் ஆரணியால்தான்.

நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டியது. தெருமுனை திரும்பும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டேன்: அக்கா, நீந்தவும் இல்லை, பறக்கவும் இல்லை, நீ ஒரு நூலை ரெண்டாப் பார்க்கல, ரெண்டு நூலை ஒண்ணாப் பார்த்துட்டே. நன்றாக ஒரு சண்டை போடுவாள் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து "அக்கா" என்று கூப்பிட்டேன். முன்னறையில் மழை ஈரத்தின் வாசனை இருந்தது. மேசையின் ஜன்னல் பக்கத்தில் வெயில் விழுந்திருந்தது.

அவள் இறந்தது எனக்கு அப்போதுதான் தெரிவிக்கப்பட்டது என்று சொல்லலாம். குடை கரையிலேயே இருந்தது. எடுத்துவர நான் அன்று போகவில்லை. எதிர்வீட்டம்மாளும் எடுத்துவரவில்லை. "இருக்கட்டும் சார், மரத்துக்குக் காவலு" என்றாள்.

செத்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் அன்று காலையில் போய் அக்காவின் மேடையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். மழைத் தூறலில் இரண்டு முறை அணைந்தது. அவளிடம் ஓணான் விஷயத்தைச் சொல்லவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது மனுவின் ஆதாரமே தவறு என்று மனுதாரரிடம் சொல்வது முறையல்ல.

வீடு திரும்பியபோது எதிர்வீட்டம்மாள் நீண்ட உறை ஒன்றைச் சேலைத் தலைப்பால் மூடி வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர் பேருக்குத் தபால் வந்துகீது சார். தபால்காரரு யோசிச்சிகினு நின்னாரு. டீச்சர் வெளிய போயிகீறாங்கன்னு நான் வாங்கிட்டேன்."

மேசைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். மனுதாரர் குறிப்பிட்ட, இடுப்பில் மயில்கழுத்து நிற நூல் கட்டப்பட்ட ஓணான் இரு திட்டுகளிலும் வசிப்பது கள ஆய்வில் நேரில் உறுதி செய்யப்பட்டது. எனவே இரு திட்டுகளிலும் உள்ள கருவேல மரங்கள் ஏலத்திலிருந்து நீக்கப்படுகின்றன. தங்கள் மனு இவ்வாறு ஏற்று முடிக்கப்படுகிறது.

மரங்கள் நிற்கும். இரண்டு திட்டுகளிலும் ஓணான்கள் நிற்கும். இவை செத்தால் வேறு இரண்டு அதே கிளைகளில் ஏறி உட்காரும். அப்போதும் அரசாங்க ஏட்டில் தண்ணீரைத் தாண்டும் ஓர் ஓணான் இருந்துகொண்டே இருக்கும். அந்த உத்தரவில் ஒரு பிழை இருக்கிறது. பிழையைத் திருத்தக் கோரும் உரிமை மனுதாரர் ஒருவருக்கே உண்டு, அதுவும் நேரில் வந்து.

உறையின் ஓரத்தில், பதவிக்காலப் பழக்கத்தில், வரப்பெற்ற தேதியை எழுதினேன்: நவம்பர் இரண்டு.